நூற்றைம்பது கிலோமீற்றருக்கு ஒரு பகலும் ஓர் இரவுமா?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஆகாய மார்க்கமாக எவ்வளவு தூரம்? பறக்க எவ்வளவு நேரம்? இக்கேள்விக்குக் கைத்தொலைபேசி கண்ணிமைக்கும் பொழுதில் விடை கூறிவிடுகிறது. மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பிரயாணம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். நகரங்களின் கணக்கு அவ்வளவோடு முடிகிறது. ஆனால், செட்டிகுளத்துக் கமக்காரர் ஒருவரின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கை இன்று வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

சில வாரங்களுக்கு முன்னர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் காணி அலுவல் ஒன்றுக்காக எம்மிடம் வந்தார். தந்தை வழி வந்த வயற்காணி. அதில் அவருக்குப் பாதி, அவருடைய தம்பியாருக்குப் பாதி. 1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது, தம்பியார் மனைவி மக்களுடன் மன்னார்க் கரையிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரம் சென்றவர். அன்று தொட்டு மண்டபம் முகாமிலே வாழ்கிறார். பங்கு பிரிப்பதற்கு அவருடைய ஒப்பம் வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவம் பெற்று அனுப்பலாம் என்று நாம் சட்டவழியை எடுத்துக் கூறினோம். பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டார். பின்பு மடியிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து எம் முன்னே வைத்தார். பேரன் எழுதிக் கொடுத்தது. சென்னை, 355 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம் என்று அதிலே இருந்தது.

“தம்பி, ஒப்பம் கடுதாசியில வரும் எண்டு சொல்லுறியள். எனக்கு அவன்ர முகத்தை ஒருக்காப் பாக்கவேணும். ஒரு மணித்தியாலம் எண்டு பேரன் எழுதித் தந்திருக்கிறான். அப்ப விடியப் புறப்பட்டாப் பொழுதுபட முன்னம் மண்டபத்துக்குப் போயிடலாமோ?” என்று கேட்டார்.

சட்டப் புத்தகங்களிலே இதற்கு விடை இல்லை. ஆகவே தேசப்படத்தை விரித்தோம்.

செட்டிகுளத்திலிருந்து மண்டபத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரம் 150 கிலோமீற்றருக்கும் குறைவு. செட்டிகுளத்திலிருந்து கொழும்பு நகருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஆம், வாசகர்களே! எமது தலைநகரிலும் பார்க்க அந்தத் தம்பியார் எமக்கு அண்மையிலே இருக்கிறார். இனி, அவரிடம் செல்லும் வழியைப் பாருங்கள். செட்டிகுளத்திலிருந்து வவுனியா சென்று, அங்கிருந்து கண்டி வீதியால் வடக்கே ஆனையிறவைக் கடந்து பலாலியை அடைவதற்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னைக்கு 355 கிலோமீற்றர். சென்னை எழும்பூரிலிருந்து இரவு வண்டியேறி மீண்டும் தெற்கே மண்டபம் வரை அறுநூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கூட்டிப் பாருங்கள்: ஆயிரத்து நூறு கிலோமீற்றருக்கும் மேல்! வீதியில் நான்கு மணித்தியாலம், விமான நிலையத்தில் காத்திருப்பு, வானத்தில் ஒரு மணித்தியாலம், மீண்டும் காத்திருப்பு, புகையிரதத்தில் ஓர் இரவு. விமானமும் வண்டியும் இடைவெளியின்றி வாய்த்தால், ஒரு நாள் விடியற்காலையிற் புறப்பட்டவர் மறுநாட் காலையில் தம்பியின் வாசலை மிதிக்கலாம். 150 கிலோமீற்றருக்கு ஒரு பகலும் ஓர் இரவும். இதிலே வானத்தில் கழிந்தது ஒரேயொரு மணித்தியாலம்.

திருச்சிராப்பள்ளிக்குப் பறக்கலாமே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மை. 2025 மார்ச் 30ஆம் திகதி பலாலிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இண்டிகோ நிறுவனம் விமான சேவையைத் தொடங்கியது. அதை நாம் வரவேற்றோம். அவ்வழியிற் சென்றால் சுற்று ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆயினும், அப்போதும் நூற்றைம்பது அறுநூறாகிறது. நோயின் கடுமை குறைந்தது என்பதனால் நோயே இல்லை என்று எவரும் வாதிடமாட்டார்.

இந்தச் சுற்றுப் பிரயாணம் இயற்கை விதித்ததன்று. எமது பாட்டன்மார் இதைவிட எளிதாகப் போய் வந்தார்கள். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இக்கரையில் தலைமன்னார் வரை இருப்புப்பாதை நீண்டது. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டுடன் ஒருவர் தனுஷ்கோடி வரை வண்டியிலும், அங்கிருந்து முப்பது கிலோமீற்றரளவு கடலைக் கப்பலிலும், பின்னர் தலைமன்னாரிலிருந்து கொழும்புக் கோட்டை வரை மீண்டும் வண்டியிலும் செல்ல முடிந்தது. ‘போட் மெயில்’ என்று எம்மவர் அழைத்த சேவை அதுவே. ‘இர்வின்’, ‘கோஷன்’ என்ற கப்பல்களின் பெயர்களை எமது முதியோர் இன்றும் மறக்கவில்லை. அந்த இருப்புப்பாதை எந்த ஊரூடாகச் செல்கிறது? மதவாச்சியிலிருந்து பிரிந்து எமது செட்டிகுளத்தையும் மடுவீதியையும் முருங்கனையும் கடந்தே தலைமன்னார் இறங்குதுறைக்குச் செல்கிறது. அக்காலத்திலே, இரு தேசங்களை இணைத்த பாதையின் நடுவழியில் ஒரு நிலையமாகச் செட்டிகுளம் இருந்தது. இன்று மூன்று நகரங்களிலிருந்து அளந்தாலும் கடைசியிலே வரும் ஊராக இருக்கிறது.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னும் கப்பல் நிற்கவில்லை. இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. புயலால் நிறுத்த முடியாத கப்பலை யுத்தம் 1980களின் முற்பகுதியில் நிறுத்தியது. 1990இல் இருப்புப்பாதையும் அறுந்தது. யுத்தம் முடிந்த பின்னர், 2013இல் மடுவீதி வரையும் 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் இறங்குதுறை வரையும் பாதை மீளத் திறக்கப்பட்டது. அன்று இந்தியப் பிரதமரே தலைமன்னாருக்கு வந்து வண்டியைக் கொடியசைத்து அனுப்பினார். இறங்குதுறை வரை தண்டவாளம் வந்தது. ஆனால் இறங்குதுறையிலே ஏறுவதற்குக் கப்பல் வரவில்லை. கடலை நோக்கி ஓடி, கடலைக் கண்டதும் நின்றுவிடும் பாதை உலகத்திலே வேறெங்கு உண்டோ, நாமறியோம்.

வானத்தின் சரித்திரமும் இதைப் போன்றதே. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ‘எயர் சிலோன்’ நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை விமானத்தளத்தில், அதாவது பலாலியில், இறங்கி, அங்கிருந்து சென்னை சென்றது. சுதந்திரம் கிடைப்பதற்கு முன்னரே வடபகுதி மக்களுக்குச் சென்னைக்கு நேரடி விமானம் இருந்தது! பின்னர் யுத்தம் பலாலியைப் பொதுமக்களுக்கு மூடிய இராணுவத் தளமாக்கிற்று. 2019 அக்டோபர் 17ஆம் திகதி அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் நின்றது. 2022 டிசம்பர் 12ஆம் திகதியே மீண்டது. 2024 செப்டம்பர் 1ஆம் திகதி இரண்டாவது நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது.

இடைப்பட்ட பல்லாண்டுகளில் நடந்தது என்ன? சென்னைக்குச் செல்ல வேண்டிய வன்னியானும் யாழ்ப்பாணத்தானும் முதலில் தெற்கு நோக்கி இருநூறு, நானூறு கிலோமீற்றர் சென்று கட்டுநாயக்காவை அடைந்தான். அங்கிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 650 கிலோமீற்றர் வடக்கே பறந்தான். தேசப்படத்தில் கட்டுநாயக்காவையும் சென்னையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு செட்டிகுளத்துக்கு மேற்கே நாற்பது கிலோமீற்றருக்குள் சென்று, மன்னார்ப் பெருநிலத்தைத் தொட்டு, யாழ்ப்பாண நகரின் தலைக்கு மேலாகச் செல்லும்! வடக்கே போகவேண்டியவன் ஓர் இரவு முழுவதும் தெற்கே பயணம் செய்து, பின்னர் தன் சொந்த ஊரின் திசையிலேயே திரும்பிப் பறந்தான். இதைவிட விசித்திரமான பிரயாணத்தை எவரும் கற்பனை செய்ய முடியாது.

தூரத்தை அளப்பது பூகோளம்; நேரத்தை அளப்பது அரசியல். இந்த உண்மை எமக்கு மாத்திரம் உரியதன்று. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகருக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே விமானம் ஒன்பதரை மணித்தியாலமளவில் பறந்து வந்தது. 2022இல் உக்ரேன் மீது யுத்தம் தொடங்கியதும், ரஷ்யா தன் வான்பரப்பை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. அதே விமானம் சுற்றிச் செல்ல நேர்ந்து, பிரயாணம் பதின்மூன்று மணித்தியாலமளவாயிற்று. இரு நகரங்களுக்கும் இடையிலே பூமி ஓரங்குலமும் விரியவில்லை. விமானத்தின் வேகமும் குறையவில்லை. கதவொன்று சாத்தப்பட்டது, அவ்வளவே. பெரிய தேசங்களின் பிரயாணிகளுக்கு மூன்றரை மணித்தியாலம் கூடியபோது உலகப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. செட்டிகுளத்துக் கமக்காரனுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கூடியிருப்பதை யார் எழுதுவார்? நாமே எழுதவேண்டும்.

தூரத்தையும் நேரத்தையும் பற்றி செட்டிகுளத்தவர்க்கு எவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு எமது பிரிவிலே அமைந்த மெனிக் பாம் முகாமை நினைத்துப் பாருங்கள். வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களில் பெரும்பகுதியினர் அங்கேதான் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு மே 23ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் வான்வழியாக வந்து அதைப் பார்த்துச் சென்றார். உலகத்தின் மறுகோடியிலிருந்து செட்டிகுளம் வருவதற்கு அவருக்குத் தூரம் ஒரு தடையாக இருக்கவில்லை. ஆனால், முகாமின் ஒரு வலயத்திலிருந்த தாய்க்கும், முட்கம்பிக்கு அப்பால் மற்றொரு வலயத்திலிருந்த மகளுக்கும் இடையிலிருந்த சில நூறு யார் தூரம்? அதைக் கடக்க எத்தனை வாரம், எத்தனை மாதம் சென்றது! முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். ‘அனுமதி’ என்ற ஒரு சொல் தூரத்தை எவ்வாறு நீட்டும் என்பதை அங்கு வாழ்ந்தவர்களே அறிவர்.

அந்த நாட்களின் பின் எம்மவர் மேலும் சிதறினர். இன்று வன்னியிலே ஒரு மரணவீடு நிகழ்ந்தால் முதலில் எழும் கேள்வி, “பிள்ளை எப்ப வந்து சேரும்?” என்பதாகும். கொழும்பிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் பதினொரு மணித்தியாலமளவு. ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர்; நேரடி விமானம் இல்லை; இடையிலே வேறொரு நாட்டில் இறங்கி மாறவேண்டும். அத்தனை தூரத்திலுள்ள மகன் மூன்றாம் நாள் வந்து தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிறான். 150 கிலோமீற்றரிலுள்ள மண்டபத்துத் தம்பி, தமையனின் முகத்தைக் கடைசியாகவேனும் பார்க்க வரமுடியாமல் போகிறான். ஒருவனிடம் கடவுச்சீட்டும் பணமும் உண்டு. மற்றவனிடம் அகதி அட்டை மாத்திரமே உண்டு. பூமிப்படத்திலே காணப்படாத தூரம் இதுதான்.

தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட எம்மவர் வாழ்கின்றனர். திரும்பிவர விரும்புவோருக்கு ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் விமானச்சீட்டுக்கு உதவி செய்து வந்துள்ளது. நன்று. ஆனால், முப்பது வருட வாழ்வை ஒரு விமானப் பெட்டிக்குள் அடக்க முடியுமா? தையல் இயந்திரம், பாத்திர பண்டம், பிள்ளைகளின் புத்தகம், தொழிற் கருவிகள் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சில பத்துக் கிலோ எடையுள்ள மூட்டையுடன் வந்து, வெறும் காணியிலே மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதா? இதனாலேதான் திரும்ப விரும்பும் குடும்பங்கள் கப்பல் கேட்கின்றன. பணக்காரனுக்கு விமானம் நேரத்தை மிச்சப்படுத்தும். ஏழைக்குக் கப்பல் வாழ்க்கையை மிச்சப்படுத்தும்.

எதிர்வாதங்களையும் நாம் மறைக்கப் போவதில்லை. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடுகிறதே, அது போதாதா என்பர் சிலர். 2023 அக்டோபர் 14ஆம் திகதி தொடங்கிய அச்சேவை சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. வாடைக்காற்றுக் காலத்தில் அதற்கு ஓய்வு. அது யாழ்ப்பாணத்துக்குப் பெரும் நன்மை. ஆனால், மன்னாருக்கும் செட்டிகுளத்துக்கும் அது இன்னுமொரு சுற்றுவழியே. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 2011 ஜூனில் விடப்பட்ட கப்பல் அவ்வாண்டு முடியுமுன்னரே நின்றுபோனதைச் சிலர் சுட்டிக்காட்டுவர். அது நீண்ட கடல்வழி. விமானத்தோடு போட்டியிட வேண்டிய வழி. தலைமன்னார் வழியோ உள்ளவற்றுள் மிகக் குறுகியது. இருபுறமும் இருப்புப்பாதை உள்ளது. ஒன்றின் தோல்வியை மற்றொன்றுக்குச் சாட்சியாகக் கொண்டுவருவது நியாயமன்று.

கடத்தல் பெருகும் என்போரும் உண்டு. சட்டம் பயின்றவர் என்ற முறையிலே இதற்கு நாம் கூறும் பதில் இது: சுங்கமும் குடிவரவும் உள்ள துறைமுகத்தினூடாகக் கடத்தல் நடப்பதிலும் பார்க்க, எதுவுமில்லாத இருண்ட கரையினூடாகவே அதிகம் நடக்கிறது. நேர்மையான வழியை அடைத்துவிட்டுக் கள்ளவழி பெருகுகிறதே என்று அங்கலாய்ப்பதிலே பொருளில்லை. எமது மீனவரின் அச்சம் வேறு, அது நியாயமானது. இழுவைப் படகுகளால் வடபகுதி மீனவர் படும் நட்டத்தை நாம் அறிவோம். பிரயாணிகள் கப்பல் ஒன்று குறித்த வழியிலே குறித்த நேரத்திலே செல்வது மீனவரின் வலையை அறுக்காது. எனினும், வழியையும் நேரத்தையும் வகுக்கும்போது மன்னார் மீனவர் சங்கங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டே வகுக்க வேண்டும்.

இனி எமது கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

முதலாவது, தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே பிரயாணிகள் கப்பற் சேவை. 2023 ஜூலையில் இரு அரசாங்கங்களும் வெளியிட்ட கூட்டுப் பிரகடனத்திலும், 2024 டிசம்பரில் வெளியிட்ட கூட்டறிக்கையிலும் இச்சேவை பேசப்பட்டுள்ளது. எனவே நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதை நிறைவேற்றுங்கள் என்றே கேட்கிறோம். வாக்குறுதிக்குத் திகதி வேண்டும். திகதியில்லாத பத்திரத்தை எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்பதில்லை.

இரண்டாவது, திரும்பிவரும் அகதிக் குடும்பங்களின் வீட்டுப் பொருட்களுக்கும் தொழிற் கருவிகளுக்கும் தீர்வையின்றி அனுமதி.

மூன்றாவது, பலாலியில் இறங்கும் விமானங்களின் நேரத்துக்கு இயைந்தவாறு வவுனியாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பேருந்துகள். வாடகை வாகனத்துக்குக் கொடுக்கும் பணம் விமானச் சீட்டின் விலையோடு போட்டியிடுமாயின், அவ்விமானம் வன்னிக்குரியதாகாது.

நான்காவது, பலாலி வளரவேண்டும். ஆனால் மக்களின் காணியை விழுங்கி வளரக்கூடாது. இன்று அங்கு இறங்குபவை எழுபது எண்பது பேரை ஏற்றும் சிறு விமானங்கள். ஓடுபாதை நீண்டாலே பெரிய விமானம் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதேவேளை, 2013ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காணியைச் சுவீகரிக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டதை மறக்கவில்லை. 1990இலே வீட்டை விட்டு வந்தவர் தம் வளவைக் காண இன்றும் காத்திருக்கிறார். ஒருவரின் பிரயாண நேரத்தைக் குறைப்பதற்காக மற்றொருவர் வீடு திரும்பும் நாளை முடிவின்றி நீட்டுவது அபிவிருத்தியன்று. தேவையான நிலம் எவ்வளவு என்பதைப் பகிரங்கமாக அறிவித்து, மிகுதியை உரியவரிடம் ஒப்படைத்து, எடுப்பதற்கு உரிய நட்டஈடு வழங்கிச் செய்வதே சட்டமும் தருமமுமாகும்.

இக்கோரிக்கைகள் தாமாக நிறைவேறமாட்டா. கொழும்பிலும் டில்லியிலும் இருப்போர்க்கு நேர்கோடு தெரியும். நம் சுற்றுவழி தெரியாது. அதைத் தெரிவிப்பது எம் கடமை. வன்னியிலுள்ள ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், கிராம அபிவிருத்திச் சங்கமும், ஆலய பரிபாலன சபையும், பங்குச் சபையும், பள்ளிவாசல் நிர்வாகமும், தத்தம் ஊரிலே அக்கரையில் உறவினரையுடைய குடும்பங்கள் எத்தனை என்பதைக் கணக்கெடுக்கட்டும். ஆண்டுதோறும் வைத்தியத்துக்கும் யாத்திரைக்கும் படிப்புக்கும் செல்வோர் எத்தனை, எவ்வழியிற் சென்றனர், எத்தனை மணித்தியாலம் சென்றது, எவ்வளவு செலவாயிற்று என்பதையும் எழுதட்டும். வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் இவ்வேலையில் கமக்காரருக்குத் துணைநிற்க வேண்டும். பொதுவாகச் சொல்லப்பட்ட துயரத்தை அரசாங்கம் அனுதாபத்தோடு கேட்டு மறந்துவிடும். எண்களோடு வைக்கப்பட்ட துயரத்தை மறப்பது கடினம். அக்கணக்கைப் பிரதேச செயலகத்திலும், பாராளுமன்றப் பிரதிநிதிகளிடமும், யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலும் கையளிப்போம்.

பெரியவரின் கேள்விக்கு நாம் அன்று சொன்ன விடை, “பொழுதுபட முன்னம் போக ஏலாது, அப்பு” என்பதே. அவர் கடதாசித் துண்டை மடித்து மீண்டும் மடியில் வைத்துக்கொண்டார். “அந்த நாளையில நானும் அவனும் அப்புவோட ரயிலேறிக் கப்பலில இராமேஸ்வரத்துக்குப் போய்த் தீர்த்தமாடிப்போட்டு வந்தனாங்கள். அதே கடல்தானே தம்பி இப்பவும் கிடக்குது?” என்றார்.

அதே கடல்தான். முப்பது கிலோமீற்றரளவேதான். பெரியவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, மண்டபத்திலிருப்பவரும் இளைஞரல்லர். இவ்விருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் காலத்திலேயே தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் வந்து நிற்கவேண்டும். அதற்கான மனுவின் முதலாவது கையெழுத்து அப்பெரியவருடையதாக இருக்கட்டும், அடுத்தது எமது.